மூன்றாவது டிக்கெட்

பன்னேருகட்டா தேசியப் பூங்காவுக்குப் போனால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று எங்கள் தெருச் சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுதத் துணிந்ததற்குப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். அங்கே ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அதைத்தான் சொல்ல முடியும்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும். மிருகக்காட்சிசாலையை நடந்தே பார்க்கலாம். பட்டாம்பூச்சிகளுக்குத் தனியாக ஒரு தோட்டம் இருக்கிறது. ஆனால் கூட்டம் எல்லாம் சஃபாரிக்குத்தான். கம்பி வலை போட்ட பஸ்ஸில் உட்கார வைத்து, கரடி, சிங்கம், புலி இருக்கிற இடத்துக்குள் ஓட்டிப் போவார்கள்.

நான் போனது என் தங்கைக்காக. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் கணவர் இறந்துபோனார். ஈஜிபுராவில் இரண்டு பேருமாக இருந்த வாடகை வீட்டில் அதற்குப் பிறகும் தனியாகவே இருந்தாள். ஒக்கலிபுரத்தில் எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். “அவர் வந்தா வீடு பூட்டியிருக்குமேக்கா” என்பாள். அவர் இல்லை என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், வந்துவிடுவாள் என்று நான் நம்பினேன்; சொல்லச் சொல்லி அவளிடமே கேட்டும் பார்த்தேன். சஃபாரி காட்டுகிறேன் என்று அவர் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். சரி, நாமாவது கூட்டிப் போவோம், வெளியே வந்தால் மனசு மாறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

டிக்கெட் கொடுக்கிற இடத்தில், “மூணு சொல்லுக்கா” என்றாள். பின்னால் நீள வரிசை. அத்தனை பேர் முன்னால் அவளோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாங்கினேன்.

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட். ஜன்னல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தாள், ஓரத்தில் நான். ஆள் ஏற்றுகிறவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்: “மூரு டிக்கெட். இன்னொப்ரு எல்லிம்மா?” இன்னொருத்தர் எங்கே என்று.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள்.

“இல்லே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் நான் காத்திருந்த சொல் அது.

“ஓ, இல்லேனா? சரி, பர்லி” என்று அவர் தன் துண்டை எடுத்து ஜன்னல் சீட்டில் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் ‘இல்லே’ என்றால் ‘இங்கேயே’. இங்கேதான் இருக்கிறார், வரட்டும் என்று அவர் புரிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். தங்கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

பஸ் நின்றுகொண்டே இருந்தது. பின் சீட்டில் ஓசூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. “யாருக்குய்யா வெயிட்டிங்? சிங்கம் குளிச்சிட்டு வரணுமா?” என்றார் ஒருவர். “நீ மூடு, உன்னைப் பாத்தா அது மறுபடி தலை முழுகும்” என்றாள் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

“பந்த்ராம்மா?” என்று பஸ் வாசலிலிருந்தே ஆள் ஏற்றுகிறவர் குரல் கொடுத்தார். வந்துவிட்டாரா என்று.

“பந்த்ரு” என்றாள் தங்கை. துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள்.

கரடிகள் வந்தன. சிங்கம் ஒன்று ரோட்டோரம் படுத்திருந்தது. ஜன்னலை மறைக்காமல் தங்கை உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டே வந்தாள். புலி இருக்கும் இடத்தில் பஸ் மெதுவானது. “அதோ, பாருங்க” என்றாள் சன்னமாக.

என்னிடம் அவள் ‘பாரு’ என்றுதான் சொல்வாள்.

புலி எழுந்து எங்கள் பக்கம் நடந்து வந்தது. பஸ்ஸில் இருந்த குழந்தைகள் கத்தினார்கள். அது யாரையும் பார்க்கவில்லை. அந்த ஜன்னலுக்கு நேராக நின்று, காலி சீட்டைப் பார்த்தது. வண்டி நகரும்வரை பார்த்தது. பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இறங்கியதும் பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போனோம். அங்கே அவளே பேச்செடுத்தாள்.

“நீ கேட்டதைச் சொல்லிட்டேன்க்கா. இல்லேன்னுதான் சொன்னேன். இந்த ஊர்தான் இங்கேயேன்னு சொல்லுது. நான் என்ன பண்ண?”

ஈஜிபுராவில் அவளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. அவளுக்கென்று ஒழித்து வைத்திருந்த உள் அறையில் கொடி கட்டி ஈரத் துணி காயப் போட்டேன்.