அக்கா கட்டாத வெள்ளைச் சேலை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்தின் வணக்கம். உங்களில் சிலர் அவரை மலைக்கோயில் படியில் பார்த்திருப்பீர்கள், சிலர் தேவாலயத்தில் பார்த்திருப்பீர்கள். இரண்டு இடத்திலும் அவர் தேடியது ஒன்றைத்தான். அதைச் சொல்லவே தம்பியாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா கெலமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் தக்காளித் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் அக்காதான். என்னைப் படிக்க வைத்ததும் அவரே. பிறகு மாமாவை மணந்து ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் குடியேறினார்.

அப்பா காலமானபோது அக்காவின் தேடல் தொடங்கியது. காரியத்தன்று எல்லோரும் பந்தியில் இருக்கையில், "அப்பா இப்ப யார்கிட்டப் போயிருக்காரு?" என்று சத்தமாகவே கேட்டார். "சோறு ஆறுது, சாப்புடு தாயி" என்றார் பெரியப்பா. அக்கா சாப்பிட்டார், ஆனால் கேள்வியை விடவில்லை. விரதம் இருந்தார், மலை ஏறினார். பிள்ளை வேண்டும், வீடு வேண்டும் என்று எதையும் கேட்கவில்லை. "நீ யாருன்னு மட்டும் எனக்குக் காட்டு" என்பதுதான் அவருடைய வேண்டுதல். சாமியிடமே ஆதார் அட்டை கேட்கிற ஆள் நீ என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

ஒருமுறை ஷிஃப்ட் மாறியதில் வேறு கம்பெனி பஸ்ஸில் போகவேண்டி வந்தது. பக்கத்து சீட்டில் தெலுங்கு பேசும் ஓர் அம்மாள். பஸ் கிளம்பியதும் கண்ணை மூடி முணுமுணுத்தார். அக்கா சும்மா இருப்பாரா? "யாருகிட்டப் பேசறீங்க?" என்று கேட்டுவிட்டார். "நம்மளைத் தேடி வந்தவருகிட்டம்மா" என்றார் அந்த அம்மாள். அந்த ஒரு பதில் அக்காவைத் தூங்கவிடவில்லை.

"நான்தான் தேடறேன்னு இருந்தேன்டா. அவரு எனக்கு முன்னாலயே கிளம்பியிருக்காரு" என்று என்னிடம் சொன்னார். "பஸ்ஸ மாத்துனது கம்பெனி. அந்த சீட்டுல உக்கார வெச்சது அவரு." நான் இயேசுவை நம்புகிறவன் அல்லன். ஆனாலும் அன்று அக்காவின் முகத்தைப் பார்த்தபின் எனக்குக் கேலி வரவில்லை.

மாமா தடுக்கவில்லை. அக்கா ஞாயிறுதோறும் ஒரு சபைக்கு ஆராதனைக்குப் போனார். ஞானஸ்நானம் பெற்று, தாம் கிறிஸ்துவுக்கு உரியவர் என்று எல்லார் முன்னும் சொல்ல ஆசைப்பட்டார். அந்தச் சபையில் பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்தித்தான் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்குவார்கள். அக்காவும் ஒன்று வாங்கி பீரோவில் வைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

அப்பா போனதிலிருந்து அம்மா வெள்ளைதான் உடுத்துகிறார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மாமா வேலையில் அடிபட்டுப் பிழைத்து எழுந்திருந்தார். "நான் கட்டறது போதாதாடி? புருசன் உசுரோட இருக்கறப்ப நீ வெள்ளை கட்டுவியா?" என்று அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். ஏசுவைக் கும்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சேலை மட்டும் வேண்டாம் என்றார். வெள்ளை இல்லாமல் ஞானஸ்நானம் இல்லை என்றே அக்கா நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். "அம்மா மனசு ஆறட்டும்" என்று அக்கா காத்திருந்தார். போதகர் கேட்டபோதெல்லாம், "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டுங்கய்யா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் அம்மாவைத் தவறாக நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு.

மழைக்காலத்துக் காய்ச்சல் என்றுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். அக்கா வீடு திரும்பவில்லை.

ஞானஸ்நானம் பெறாதவர் என்றாலும் போதகர் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். மறுநாள் வீட்டுக்கு வந்தவர், அக்கா ஏன் தள்ளிப்போட்டார் என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார்.

"வெள்ளைங்கறது எங்க சபையில ஒரு பழக்கம், அவ்வளவுதாம்மா. மஞ்சச் சீலையில வந்திருந்தாலும் கூப்பிட்டு எறக்கியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் போதகர்.

"மருமவன் உசுருக்குப் பயந்தேன் சாமி. எம்மவ உசுருக்குப் பயப்படத் தோணலயே" என்றார் அம்மா. பிறகு, அப்பாவின் காரியத்தில் அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "இப்ப எம்மவ யார்கிட்டப் போயிருக்கா?"

"தேடினவருகிட்டத்தாம்மா. கூட்டிக்கிட்டு வந்தவரு தொட்டிக்கரையில விட்டுட்டுப் போகமாட்டாரு" என்றார் போதகர். அது உண்மையாக இருக்கவேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனாலும் நனைந்த தலையோடு சிரிக்கும் அக்காவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தம் போகவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பார்த்திருப்போம்.

மருத்துவமனையில் இரவும் பகலும் துணையிருந்த தோழிகளுக்கும், மாமாவுக்குச் சோறு கொடுத்தனுப்பிய கன்னடக்காரப் பக்கத்து வீட்டாருக்கும், பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்த அந்த அம்மாளுக்கும், போதகருக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் அம்மா அக்காவின் பீரோவைத் திறந்தார். "தண்ணீல நனையறதுக்கு வாங்குன சீலைடா. மடிப்புக்கூடக் கலையல" என்று அதை மடியில் வைத்துத் தடவினார். "எனக்கு வெள்ளை பழகுனதுதானே. நான் கட்டிக்கறேன்" என்றார். நினைவு ஆராதனையில் புதுச்சேலையில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் அம்மா. மகள் ஞாயிறுதோறும் உட்கார்ந்த இடம் எது என்று அவர் கேட்பார். தெரிந்தவர்கள் தயவுசெய்து காட்டுங்கள்.