முப்பது விநாடிக்குப் பன்னிரண்டு

இருளாண்டியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரி மாடியில், புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆறு ஆண்களை வாரத்தில் இரண்டு காலை வரச்சொல்லி உடற்பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஊசி நோயை அடக்கும். கூடவே தசையைக் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்துக் கொட்டும். பயிற்சி செய்தால்தான் காலில் பலம் நிற்கும் என்று பிசியோதெரபிஸ்ட் கிருபா படித்துப் படித்துச் சொன்னாள். ஐந்து பேர் கேட்டோம். ஆறாவது ஆள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேன். மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதுதான் அவர் வேலை. வேகமாக நடந்தால் அதட்டுவார், காலைத் தேய்த்து நடந்தால் அதட்டுவார். அதட்டுவதற்கு இங்கே ஆள் இல்லாததால் என்னிடம் பீற்றிக்கொண்டார்.

“நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல எட்டுப் பேரு இருப்பாக சார். செக்கிங்குக்கு வர்ற ஆபீசர் ஜீப்பு ரோட்டுல திரும்புனதுமே எனக்குத் தகவல் வந்துரும். பாதிப் பேரக் கருவக்காட்டுக்குள்ள பத்தி விட்டுருவேன். ஜீப்பு போனதும் கூப்புட்டுக்கிருவேன். ஒரு தடவகூட மாட்டுனதில்ல.”

இதைப் பெருமையாகச் சொல்கிற ஒருவரோடு ஆறு மாதம் ஒரே அறையில் கை காலை ஆட்ட வேண்டும் என்பது என் தலையெழுத்து. நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிட் அடிக்கிற பையனை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

கிருபாவும் அவருக்கு ஓர் ஆபீசர்தான். அவள் இந்தப் பக்கம் பார்த்தால் கை மேலே போகும். அந்தப் பக்கம் திரும்பினால் கீழே வந்துவிடும். வீட்டில் தூக்கிப் பழக எங்களுக்கு மணல் நிரப்பிய பாட்டில்கள் கொடுத்திருந்தாள். ஒரு நாள் அவருடைய பாட்டிலைத் தெரியாமல் எடுத்துவிட்டேன். கை விசுக்கென்று தலைக்கு மேல் போய்விட்டது. மேலே ஒரு விரற்கடை மணல். அதற்கு அடியில் முழுக்க உமி.

“சொல்லிராதீக சார்,” என்று கண்ணடித்தார். எனக்கு அருவருப்பாக இருந்தது. தன் காலையே ஏமாற்றுகிற மனிதனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவர் வந்ததே ஒரு கடிதத்துக்காக. சீசன் வருகிறது, உடம்பு வேலைக்குத் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தால் மறுபடி போர்மேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். அதற்குக் கிருபா வைத்த பரீட்சை எளிது. இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடிக்குள் நாற்காலியிலிருந்து பன்னிரண்டு தடவை எழுந்து உட்கார வேண்டும்.

“அங்கன வெடிச்சா ஓடணும்லய்யா,” என்றாள் அவரிடம். “எந்திரிக்க முடியாத ஆள எப்படி அனுப்புவேன்?”

பரீட்சை நாளன்று ஒருவருக்குத் தலை சுற்றல். கிருபா அவரைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தையும் நோட்டையும் என்னிடம் நீட்டினாள். “நீங்க எண்ணுங்க சார்.”

இருளாண்டி எழுந்தார். நான்காவது தடவையே கை நெஞ்சை விட்டு இறங்கித் தொடையை ஊன்றியது. ஆறில் உதடு வெளுத்தது. எட்டில் பொத்தென்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து இளித்தார்.

நான் பன்னிரண்டு என்று எழுதினேன்.

இரக்கத்தால் எழுதவில்லை. இந்த ஆள் ஒழிந்தால் போதும், அந்த ஜீப் கதையை இன்னொரு தடவை கேட்க முடியாது என்றுதான் எழுதினேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அவர் வேலைக்குப் போன மூன்றாம் வாரம் அந்தக் கம்பெனியில் ஓர் அறையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த பெண்கள் ஓடி வெளியே வந்துவிட்டார்கள். பட்டாசுத் திரிக் கட்டுகளைச் சரிபார்க்கக் குத்தவைத்திருந்த போர்மேனால் எழுந்திருக்க முடியவில்லை. வெளியே வந்த வள்ளித்தாய் என்பவர் திரும்பி உள்ளே போய், அக்குளில் கையைக் கொடுத்து அவரை இழுத்துப் போட்டார். இருளாண்டிக்குக் குதிகாலில் ஒரு கொப்புளம். அந்த அம்மாவுக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

இருளாண்டி வேலை போய், மறுபடி எங்கள் வகுப்புக்கே வந்து சேர்ந்தார். வாய் மட்டும் போகவில்லை. “நானே எந்திரிச்சிருப்பேன் சார். இவ அவசரப்பட்டு இழுத்துட்டா.”

இரண்டு மாதம் கழித்து, விரல் பயிற்சிக்காக வள்ளித்தாயும் அதே மாடிக்கு வந்தார். தோல் இறுகி, விரல்கள் பாதிதான் மடங்கின. மூலை நாற்காலியில் இருந்த இருளாண்டிக்குக் கேட்காதபடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“ஓடுனா வைவாக சார், எங்க போர்மேனு. அன்னைக்கு அவுகளால எந்திரிக்கவே முடியல. எப்படித்தான் வேலைக்கு ஆகும்னு எழுதிக் குடுத்தாகளோ, மகராசங்க.”

நான் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கிருபா வந்தாள். “பத்து தடவ விரல மடக்கி விரிங்கம்மா. சார் எண்ணுவாக. ஹெட்மாஸ்டரு, எண்ணிக்கை தப்பாது.”

வள்ளித்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினார். ஒவ்வொரு தடவையும் நெற்றி வேர்த்தது. ஆறோடு கை நின்றுவிட்டது.

“எத்தன சார்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூலை நாற்காலியிலிருந்து இருளாண்டி குரல் கொடுத்தார். “பத்துன்னு போட்டு விடுங்க சார். பாவம், வீட்டுக்குப் போகட்டும். நமக்குள்ள என்ன.”

நமக்குள்ள. பதினைந்து வருஷம் தலைமையாசிரியராக இருந்து சம்பாதித்த மரியாதை அந்த ஒரு சொல்லில் போயிற்று. அவரை இகழ எனக்கு இருந்த தகுதியெல்லாம் அவர் கையில் இருந்தது. அவர் அதை நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறும்மா,” என்றேன். பிறகு கிருபாவிடம் சொன்னேன். “அன்னைக்கு இவருக்கு எட்டு. பன்னிரண்டுன்னு எழுதுனது நான்.”

கிருபா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வள்ளித்தாய் வெந்த கையை மடியில் எடுத்து வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டார். பிறகு கிருபாவிடம், “வேற ஆளு யாராச்சும் எண்ணச் சொல்லுங்கம்மா,” என்றார்.