எள்ளுப் பொதியோடு புகுஷிமாவுக்கு

இந்தப் பயணம் அக்காவுக்காக. சிட்னியில் அவர் லிட்கமில் இருக்கிறார், நான் மெரிலேண்ட்ஸில். முல்லைத்தீவில் அத்தானைச் சுனாமி கொண்டுபோனது; உடல் கிடைக்கவில்லை. அதனால் அக்கா இன்றுவரை திவசம் கொடுத்ததில்லை, தாலியும் பொட்டும் அப்படியே இருக்கின்றன. மேய்ஸ் ஹில் கோயிலில் அன்ரிமார் அந்தப் பொட்டைப் பார்க்கும் விதம் எனக்கு எரிச்சலூட்டும். உண்மையைச் சொன்னால், அக்காமீதும் எரிச்சல்தான். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அகதியாகப் படகில் வந்த அக்காவுக்குப் போன வருடம்தான் நிரந்தர விசா கிடைத்தது. கையிலுள்ள பயண ஆவணத்தில் இலங்கைக்கு மட்டும் போக முடியாது. “அங்கை போக ஏலாதெண்டால், கடல் அடிச்ச வேறை இடத்திலை எள்ளுந் தண்ணியும் இறைக்கிறன். கூட்டிக்கொண்டு போ தம்பி” என்றார். மனம் மாறுமுன் டிக்கெட் போட்டேன்.

ஏப்ரலில் போனோம். டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம். என்னைப்போல் யாராவது எள்ளோடு கிளம்புவதாக இருந்தால் வேண்டாம், விதை கொண்டுபோனால் விமான நிலையத்தில் சிக்கல். அங்கேயே வாங்கலாம். ஆனால் பெரும்பாலும் வறுத்த எள்தான். பச்சை எள்ளுக்கு மூன்று கடை ஏறி இறங்கினோம். டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து, புகுஷிமா அணு உலைக்குப் பக்கத்து ஊரான ஃபுத்தாபாவுக்கு விரைவு ரயில் மூன்றேகால் மணி நேரம், ஆளுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் யென்.

ரயில் நிலையம் புத்தம் புதிது. வெளியே வீடுகள் இடிக்கப்பட்ட வெறுங்காணிகள். தெருவோரப் பெட்டியொன்று கதிர்வீச்சு அளவைக் காட்டிக்கொண்டே இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

டாக்சியில் கடற்கரைக்குப் போனோம். எழுபதை நெருங்கும் ஊர்க்காரர் ஒருவர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். போனின் மொழிபெயர்ப்பில் பேசினோம்.

“சுனாமி வந்த அன்று இரவு இடிபாட்டுக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விடிந்ததும் வருகிறோம் என்று கத்திச் சொன்னோம். விடிந்ததும் அணு உலை ஆபத்து, எல்லோரும் வெளியேறுங்கள் என்றார்கள்.”

திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்றாம். 2011இன் நிலநடுக்கம், சுனாமி, அணு விபத்து என்று மூன்றையும் பாடம்போல வாசித்துவிட்டுப் போயிருந்தேன். கடல் விட்டுவைத்தவர்களை மூன்றாவது கொன்றது என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

“இன்னும் ஆரைத் தேடுறார் எண்டு கேள்” என்றார் அக்கா.

“மனைவியை.”

“கிடைப்பாவோ?”

ஊர்க்காரர் மண்ணைக் கிளறியபடியே சொன்னார். “தெரியாது. அன்று போகச் சொன்னார்கள், போனேன். இனி யார் சொன்னாலும் போகமாட்டேன்.”

அக்கா கையில் எடுத்து வைத்திருந்த எள்ளுப் பொதியைக் கைப்பையில் வைத்து மூடினார். ஊர்க்காரர் பக்கத்தில் குந்தி, வெறுங்கையால் மண்ணை அளையத் தொடங்கினார். ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு: ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துவையுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள். தேடுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். சிட்னியில் இறங்கும்போது உணவுப் பொருள், விதை எதுவானாலும் மறைக்காமல் காட்டுங்கள்.

நாங்களும் காட்டினோம். அதிகாரி பொதியைப் புரட்டிப் பார்த்து, திறக்கவே இல்லையே, எதற்கு வாங்கினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

“அத்தானுக்கு இது இன்னும் தேவைப்படேல்லை எண்டு சொல்லு தம்பி.”

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.