பெரில் வீட்டில் தினமும் ஞாயிறு

செவ்வாய்க்கிழமை மாலைகளில், இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்ற எங்கள் ஊர்த் தேவாலயக் கூடத்தில் எங்கள் எடை குறைப்புச் சங்கம் கூடும். கோட்டைக் கழற்றி, காலணியைக் கழற்றி, சிலர் தோட்டைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடை மெஷினில் ஏறுவார்கள். பெரில் டனிக்ளிஃப் எதையும் கழற்ற மாட்டாள். "எதக் கழட்டினாலும் உள்ள நாந்தான இருக்கேன்" என்பாள்.

நான் அவளுக்கு எதிர் வீடு. என் காரில்தான் வருவாள். அவளுடைய வலது முழங்கால் தேய்ந்து போய்விட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டுமானால் முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வா என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு என்ன, டான்ஸ் ஆடவா கால் வேண்டும்? அவள் புருஷன் நெவிலுக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வர அவளுக்கு ஒரு நல்ல கால் வேண்டும். இல்லையென்றால் அவரை ஏதாவது இல்லத்தில்தான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்.

சங்கத்தை நடத்துபவள் லின்சி. இந்த ஊர்க்காரர்களிடம் பேக்கனை, அந்த உப்புப் பன்றிக்கறித் துண்டை, விடச் சொன்னால் சங்கத்தையே விட்டுவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"பேக்கன விடவே வேணாம் கண்ணு. ஓரத்துல வெள்ளையா இருக்கிற கொழுப்ப வெட்டிட்டு, எண்ணெயே இல்லாம வாட்டித் தின்னா அது கணக்குலயே வராது. கொழுப்போடதான் வேணுமா? ஆறு நாள் வாயக் கட்டு, ஞாயித்துக்கெழம ஒரு நாள் தின்னு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டனிக்ளிஃப் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு நெவிலுடைய வேலை. பஸ் டிரைவராக இருந்தவர். அப்போதெல்லாம் மற்ற நாட்களில் இருட்டோடு டிப்போவுக்குப் போய்விடுவார். ஞாயிறன்று மட்டும், கல்யாணம் ஆன நாள் முதலாய், பேக்கன் பொரித்து, உருகி நிற்கும் கொழுப்பிலேயே ரொட்டியையும் பொரித்து, டீயோடு மாடிக்கு எடுத்துப்போய்ப் படுக்கையிலேயே அவளுக்குக் கொடுப்பார். நோய் மகள் பெயரைத் தின்றது, சட்டைப் பொத்தானைத் தின்றது, இதை மட்டும் விட்டுவைத்தது. என்ன கிழமை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. அதனால் தினமும் அவருக்கு ஞாயிறு.

"எந்திரிக்காத, படு. ஞாயித்துக்கெழம உனக்கு என்ன அவசரம்?" என்பார். சில நாள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கொழுப்பை வெட்டச் சொல்லிப் பார்த்தாள். தையல்காரர் மாதிரி ஒரு நூல் விடாமல் வெட்டினார். வெட்டியதையெல்லாம் சட்டியில் போட்டு உருக்கி அதில் ரொட்டியைப் பொரித்தார். "வீணாக்கலாமா?" என்று அவளையே கேட்டார்.

பேக்கனே வாங்காமல் ஒரு நாள் இருந்து பார்த்தாள். நெவில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார், மூடினார். வீட்டுச் செருப்போடு, என்றோ மூடிவிட்ட கசாப்புக் கடையைத் தேடிக்கொண்டு போய்விட்டார். பெரிய ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் மழையில் நின்றவரை நான்தான் காரில் ஏற்றி வந்தேன். வழியெல்லாம் ஒரே புலம்பல்: "பெரில் பசியோட கெடப்பா. பெரில் பசியோட கெடப்பா."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"துணியில மடிச்சு வச்சுக்கிட்டு அப்புறமா குருவிக்குப் போடேன்டி" என்றேன்.

"போடலாம். நான் திங்கறதப் பாத்துக்கிட்டே கட்டில்ல உக்காந்திருக்காரே. கடைசி வாய் வரைக்கும் பாப்பாரு."

"அப்பத் தின்னு தொல."

"அதத்தான செய்யறேன்."

வாரா வாரம் எடை ஏறியது. எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவர் எடையையும் எல்லார் முன்னாலும் சொல்வார்கள். ஏறினால் காரணம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். பெரில், "வீட்டுக்காரரு காலையில பேக்கன் போட்டுத் தர்றாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நோயைப் பற்றிக் கூடத்தில் பேச மாட்டாள். நானும் வாயைத் திறக்கக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"அப்படி ஒருத்தரு எனக்குக் கெடச்சா நான் குண்டாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் மண்டையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

குளிர் விடாத ஒரு காலையில் பெரில் போன் செய்தாள். போனேன். நெவில் அடுப்புக்கு முன்னால் பேக்கன் பொட்டலத்தோடு நின்றார். பொட்டலத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு பெரிலைப் பார்த்து, கடைக்காரியிடம் பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்டார்: "மன்னிச்சுக்கங்கம்மா, இத என்ன செய்யணும்?"

அவள் ஒரு துண்டை எடுத்துச் சட்டியில் போட்டுக் காட்டினாள். "இப்படிப் போட்டு, திருப்பணும். ஒனக்குத் தெரியாததா?" வாசனை வந்தது. அவர் தலையாட்டினார். யாரோ ஒருவர் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாள் அவர் அடுப்படிக்கு வரவே இல்லை. பெரில் போய் எழுப்பும் வரை படுக்கையிலேயே கிடந்தார். எடுத்துப்போன ஓட்ஸ் கஞ்சியை ஊட்டிவிட வேண்டியிருந்தது. அவளும் அதையே குடித்தாள்.

எடை இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே போனது.

அதிகம் குறைத்தவருக்கு அந்த வாரப் பழக்கூடை கிடைக்கும். எல்லாரும் ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து போட்டிருப்போம். லின்சி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து பெரில் மடியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில அடுத்த மாசம் ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துருவாங்க கண்ணு. எப்படிச் சாதிச்ச? எல்லாருக்கும் சொல்லு."

பெரில் கூடையின் காதைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்காரரு பேக்கன் போடறத நிறுத்திட்டாரு."

கூடமே கைதட்டியது. "பாத்தியா, கடைசியில அந்த மனுஷனும் ஒத்துழைச்சிட்டாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பெரில் சிரித்த முகமாக என் பக்கம் திரும்பினாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. நானும் கைதட்டினேன்.