காளை நம்பர் எழுதிய சுவர்

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது. வேலை பார்த்த மில் மூடிய காலத்தில் என் மாமனார் கட்டியது. அதில் ஒரு கலப்பினப் பசுவும் அதன் கிடாரியும் நிற்கின்றன. பசுவுக்குச் சினை ஊசி போட ஆள் வரும்போதெல்லாம், ஊசிக் குழாயில் அச்சடித்திருக்கும், விந்து தந்த காளையின் நம்பரைக் கேட்டுக் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது என் வழக்கம். முதலில் அட்டையில்தான் எழுதினேன். அந்த அட்டையைப் பசுவே தின்றுவிட்டது. சுவரைத் தின்னட்டும் பார்க்கலாம் என்று, கதவுக்கு அடித்து மீந்த நீலப் பெயிண்டை எடுத்து, மாட்டுக்கு எட்டாத உயரத்தில் எழுதினேன்.

என் வீட்டுக்காரர் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் செக்யூரிட்டி. அவரைப் பொறுத்தவரை மாடு என்றால் காலையில் காபி, சாயங்காலம் என் திட்டு, அவ்வளவுதான். போன பொங்கலுக்கு முன்னால், நான் கரும்பு வாங்கப் போன நேரம் பார்த்து, மனுஷன் எனக்கு உதவி செய்கிறேன் என்று கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். திரும்பி வந்தால் சுவர் பளிச்சென்று இருக்கிறது. மூக்கில் சுண்ணாம்போடு அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"எப்படி இருக்குது?"

"நம்பர் எங்கங்க?"

"எந்த நம்பர்?"

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டார். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு ஊட்டி முடித்து, நானும் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு இலை போட்டேன். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காததும் பிடித்ததும்.

சித்திரையில் கிடாரி முதல் முறையாகப் பருவத்துக்கு வந்தது. விடிந்ததிலிருந்து ஒரே கத்தல். போன் செய்ததும் ஊசி போடும் தம்பி பைக்கில் ஊசிக் குழாய்களை உறையவைத்திருக்கும் கேனோடு வந்தார். இந்தப் பக்கத்துக்கு அவர் புதிது.

"அக்கா, இதோட அப்பா எந்தக் காளை?"

"ஏன் தம்பி?"

"எங்கிட்ட இன்னிக்கு ஒரே காளையோட ஊசிதான் இருக்குது. அதே காளையா இருந்துட்டா அப்பனுக்கும் மவளுக்கும் சேர்த்த மாதிரி ஆயிடும். கன்னு நோஞ்சானா பொறக்கும்."

பிறந்த அன்றைக்கு என் முந்தானையால் துடைத்து நிற்கவைத்த கிடாரி அது. ஊசி போட்டால் அது என்ன ஆகுமோ என்று பயம். விட்டால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும். அது ஒழுங்காக வருமோ வராதோ. முன்பு ஊசி போட்டவர் மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கோ நம்பர் மனதில் நிற்காது. நின்றால் சுவர் எதற்கு?

வேலைக்குக் கிளம்பி நின்ற வீட்டுக்காரர் கொத்துக்கரண்டியை எடுத்துவந்து சுவரை ஓரத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். சுண்ணாம்போடு நீலமும் பொடியாக உதிர்ந்தது.

"நிறுத்துங்க. இருக்கிறதையும் சுரண்டிடாதீங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வீசினேன். கோபத்தில் பாதி அவர் யூனிஃபார்ம் மேலேயே விழுந்தது. மீதி விழுந்த இடத்தில் சுண்ணாம்பு நனைந்து மங்கி, அடியில் நீலக் கோடு தெரிந்தது. கிடாரிக்காகப் பசுவுக்குப் போட்ட ஊசியின் நம்பரை அந்த இடத்தில்தான் எழுதியிருந்தேன். அவர் துண்டை நனைத்து மெதுவாகத் துடைத்தார். ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தார். ஊசி போடும் தம்பி போனில் குறித்திருந்த தன் ஊசியின் நம்பரைப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி எண்வரை இரண்டும் ஒன்றாக இருந்தன.

"அதே காளைதாங்க்கா" என்று கேனை மூடினார்.

நான் அப்படியே தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் நனைந்த சட்டையோடு கிடாரியிடம் போய்க் கழுத்தைச் சொறிந்துவிட்டார். "என்னால கெட இருந்தே, தப்பிச்சிட்டேடி" என்றார். அத்தனை மாதமாக அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

அடுத்த பருவம் ஒழுங்காகவே வந்தது. தம்பி வேறு காளையின் ஊசி கொண்டுவந்து போட்டார். அடுப்பில் பால் இருந்தது. இறக்கிவைத்துவிட்டு நம்பர் எழுத ஓடினால், பெயிண்ட் டப்பாவோடு எனக்கு முன்பே வீட்டுக்காரர் அங்கே நிற்கிறார். சுவரில் பழைய நம்பருக்குப் பக்கத்தில் புது நம்பர். அதன்கீழே பெரிய எழுத்தில், "இங்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.