எப்படி இருக்கு என்று கேட்காதவர்

வாடிக்கையாளர் தில்குட் என்ற எள்ளு மிட்டாயை வாயருகே கொண்டுபோகும்போதே சகல்தீப் சாவ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரில் ஒரு பல்லியைத் தவிர ஒன்றும் கிடையாது. மென்று விழுங்கியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் முகத்தைத் திருப்பி, "பொட்டலம் கட்டட்டுங்களா?" என்பார்.

கயாவில் குளிர்காலம் வந்துவிட்டால், எள்ளும் சர்க்கரைப்பாகும் கட்டையால் இடிபடும் சத்தம்தான் தெருவெல்லாம். அதிலேயே வளர்ந்ததில் அவருடைய வலது காது மந்தம். நல்ல தில்குட் பல் பட்டதும் உதிர வேண்டும். முன்பெல்லாம் தெருவில் சும்மா போகிறவரைக்கூட மடக்கி ஒரு வில்லையைக் கொடுத்து, "எப்படி இருக்கு? சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று பிடுங்கி எடுக்கிற மனுஷர்.

அப்பாவுக்குப் பிண்டம் போட்ட அன்று பிடித்தது வினை. பிண்டம் போட்டவர் ஆலமரத்தடியில், தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது கயா வழக்கம். உலகமே சுரைக்காயை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறது. இவரோ, முந்தின நாள் கேட்ட கீதைப் பிரசங்கத்தின் சூட்டில், 'எப்படி இருக்கு' என்ற கேள்வியையே விட்டுவிட்டார். கடமையைச் செய், பலனில் ஆசை வைக்காதே என்று பிரசங்கி அத்தனை அழுத்திச் சொன்னாரே! அந்தப் பிரசங்கியே அதே வாரம் கடைக்கு வந்து, கால் கிலோ வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு என் பேச்சு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதும் சகல்தீப்புக்குத் தலை சுற்றிவிட்டது.

அன்றிலிருந்து ஒரே குழப்பம். பாகு பதம் பார்க்க நாக்கில் ஒரு துளி வைத்தால் அது கடமையா, ஆசையா? "பதம் பாக்காம செஞ்சா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்," என்பாள் மனைவி சுனைனா. அதுவும் சரியாகத்தான் படும். யாராவது பாராட்டித் தொலைத்தால் காதில் விழக் கூடாதே என்று ஃபோனை மந்தக் காதிலேயே வைத்துக்கொள்வார். எதிர்முனைக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இந்தச் சங்கராந்திக்கு வசமாக மாட்டிக்கொண்டார். மகள் புதுலுக்குத் தலைச் சங்கராந்தி. ஜெஹானாபாத்தில் சம்பந்தி வீட்டுக்கு அவலும் தில்குட்டும் சீராகப் போயாக வேண்டும். சம்பந்தியம்மாள் லேசுப்பட்டவள் அல்ல. கல்யாணத்தில் பூரி ஆறிப்போனதை இன்னும் புதுலிடம் சொல்லிக் காட்டுகிறாள். இவர் இடித்த நாளோ, எதிர்வீடு தெரியாத மூடுபனி. தில்குட் நமுத்துப் போயிருந்தால் அந்தப் பெண் வருஷம் முழுக்கப் பேச்சு கேட்க வேண்டும்.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டாத்தான் என்ன, புதுல் அப்பா?"

"விட்டதைத் திரும்ப எடுக்கச் சொல்றியா?"

"கடைக்காரரா விட்டீங்க. பெத்தவருமா விட்டாரு?"

"தெரியலையே! சாமிகிட்ட அப்படிப் பிரிச்சுச் சொல்லலையே!"

"சரி, நான் கேட்டுச் சொல்றேன்."

"நீ கேட்டு நான் தெரிஞ்சுக்கிட்டா, அப்ப கேட்டது யாரு?"

சுனைனா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். தயிரில் பிசைந்த அவல் அவர் முன்னால் அப்படியே கிடந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. புதுல். வழக்கம்போல வலது காதில் வைத்தார்.

"பாபூஜி! பெட்டி வந்துருச்சு! அத்தை பிரிச்சுக்கிட்டு இருக்காங்க!"

"சரிம்மா. அங்க குளிரா?"

"குளிருதான்."

"மாப்பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா? மாடு கன்னு போட்டுச்சா?"

புதுலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவை அவளுக்குத் தெரியாதா? "நீங்க ஒண்ணும் கேக்க வேணாம், பாபூஜி," என்று கத்தினாள். "நானும் ஒண்ணும் சொல்லலை. அத்தை ஒரு வில்லையைக் கையில எடுத்துட்டாங்க. ஃபோனைச் சும்மா அவங்க பக்கத்துல வைக்கிறேன், அவ்வளவுதான்."

சகல்தீப் சாவ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பல்லியைப் பார்த்தார். பிறகு, சுனைனா வருகிறாளா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஃபோனை மெல்ல இடது காதுக்கு மாற்றினார்.