அத்தைக்கு வாயு

காதை வைத்துக் கேட்கிறார். தொட்டியின் இரும்பு வயிற்றில் இடது காதை ஒட்டவைத்து, கண்ணை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிறார். பக்கத்திலேயே அழுத்தமானி இருக்கிறது, வெப்பமானி இருக்கிறது, வண்ண வண்ணமாகக் கோடு போடும் கணினித் திரையும் இருக்கிறது. அதெல்லாம் மேலதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கு என்பார். "உள்ள களகளன்னு ஓடுதா, சும்மா மொணமொணங்குதா, அதச் சொல்லுமா அந்தத் திரை?" கேட்டு முடித்து நிமிர்ந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரையையும் ஒருமுறை பார்த்துவிடுவார்.

நகரத்தின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவர் தொட்டிக்காரர். வெளியே ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரையும் வெயிலையும் குடித்து நுண்பாசி கொழுக்கிறது. வடித்தெடுத்தால் பச்சைக் கூழ். அந்தக் கூழைக் காற்றுப் புகாத தொட்டிக்குள் இறக்கிவிட்டால், காற்றென்றாலே ஆகாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரித்து வாயு விடும். அந்த வாயுவில் அடுப்பு எரியும். சொல்லிப் பார்த்தால் இவ்வளவுதான். "சொல்லிப் பாத்தா கல்யாணம்கூட ஒரு நாள் வேலதான்" என்பார்.

தொட்டிக்கு 'அத்தை' என்று பெயர் சூட்டியவரும் அவரே. காரணம் கேட்டால் விரலை மடக்க ஆரம்பிப்பார். சாப்பாடு நேரம் தப்பக் கூடாது. சூடு கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். புதிதாக எதைக் கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கோபம் வந்துவிட்டால் சமாதானம் ஆகவே வாரக்கணக்காகும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தபடியே உணவுக்கூடத்தின் பக்கம் ஒரு பார்வையும் பார்த்துக்கொள்வார்கள். அங்கே சமையல் பார்ப்பவர், தொட்டிக்காரருக்குப் பெண் கொடுத்த சொந்த அத்தை.

வாயுவுக்கு உலகத்திலேயே ஒரே வாடிக்கையாளரும் அந்த அம்மாள்தான். உணவுக்கூடத்தின் ஓரத்து அடுப்புக்கு மட்டுமே தொட்டியிலிருந்து குழாய் போகிறது. போன மாதம் அந்த அடுப்பு சண்டித்தனம் செய்யத் தொடங்கியது. பற்றவைத்தால் பற்றும். நிற்காது.

"உங்க அடுப்புக்கு ரொம்ப மரியாத தெரியும் மாப்ள" என்றார் மாமியார். "நான் கிட்ட வந்தாலே எந்திரிச்சுப் போயிடுது."

"ரெண்டு நாள் பொறுங்க அத்தே, சரியாயிடும்."

"நான் பொறுப்பேன், பசி பொறுக்குமா? அடுத்த மாசம் மொத திங்கக்கிழம மின்சார அடுப்பு வருது. உங்க வாயுவ நீங்களே வச்சுக்குங்க."

தொட்டிக்காரர் நகம் கடிக்க ஆரம்பித்தது அன்றுதான். அடுப்பு போய்விட்டால், வருகிற வாயுவைக் குழாய் முனையில் வானத்தைப் பார்த்து எரித்துவிட வேண்டியதுதான். காக்காய்க்கு விளக்குக் காட்ட ஒரு தொட்டி எதற்கு என்று மேலே யாராவது கேட்டால், தொட்டியும் போகும், தொட்டிக்காரரும் போவார்.

இத்தனைக்கும் வினையை விலைகொடுத்து வாங்கியது அவரேதான். மாமியார் மெச்சும்படி சுடர் கொஞ்சம் ஓங்கி எரியட்டுமே என்று, பாசிக்கூழை அளவு பாராமல் ஊட்டிவிட்டார். பாசியோ முழுக்க முழுக்கச் சத்து. புரதம் மிஞ்சிப்போய், உள்ளே அமோனியா ஏறி, நெடி மூக்கைத் துளைத்தது. மீத்தேன் தருகிற உயிர்கள் சுருண்டு படுத்துவிட்டன. கூழைக் குறைத்து, கூடவே சக்கையாக ஏதாவது கொடுத்தால் தேறும். காகிதம் இருந்தால் நல்லது.

காகிதத்துக்கு அவர் கண்டுபிடித்த இடம்தான் விவகாரம். உணவுக்கூடத்து மேசைகளில் கை துடைக்கும் காகிதம் கட்டுக்கட்டாக இருந்தது. ஒல்லியாகச் சாப்பிட வருவார், தொந்தியோடு திரும்பிப் போவார். கிழித்து, வெந்நீரில் ஊறவைத்து, கூழோடு கலந்து ஊட்டுவார். இரண்டு வாரமாக உணவுக்கூடத்தில் எல்லாரும் கால்சட்டையில்தான் கை துடைத்தார்கள்.

அந்தத் திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, உணவுக்கூடத்தின் பின்வாசலில் நின்றபடி, பாசி வளர்க்கும் குளத்துக்காரரிடம் கைப்பேசியில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தைக்கு இப்ப பரவால்லப்பா. வாயு நல்லா போகுது. காகிதத்த ஊற வச்சு ஊட்டுறேன்ல, அதான் கேக்குது. நாத்தமா? முந்தி மாதிரி இல்ல, இப்ப கிட்டப் போயி நிக்க முடியுது."

திரும்பினார். கரண்டியோடு மாமியார் நின்றிருந்தார்.

"அத்தே, நான் சொன்னது தொட்டிய."

"தொட்டிய அத்தைங்கிறீங்களா, அத்தைய தொட்டிங்கிறீங்களா?"

"அது ஒரு மரியாதைக்கு…"

"மரியாத இருக்கட்டும். காகிதம் யாரோடது?"

தொட்டிக்காரர் வயிற்றை உள்ளே இழுத்தார். சட்டைக்குள் சரசரத்தது.

"என் காகிதத்தயே திருடித் தின்னுட்டு, நாத்தம்னு எனக்கே பேரு! உள்ள வாங்க மாப்ள."

ஓரத்து அடுப்பில் ஒரு பானைத் தண்ணீரை வைத்தார். "இது கொதிக்கட்டும், மின்சார அடுப்பு வேணாம்னு நானே சொல்லிடுறேன். கொதிக்கலேன்னா, உங்க பெரியத்தைய நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. எனக்குத் துணையா இருக்கட்டும்."

குமிழைத் திருப்பிப் பற்றவைத்தார். மஞ்சளாக நடுங்கிய சுடர், மெல்ல மெல்ல நீலமாகி நின்றது. தொட்டிக்காரர் விட்ட மூச்சில் அணையாதது ஆச்சரியம். அந்த நேரம் பார்த்து வெளியே காற்று கிளம்பியது. கொக்கி உடைந்த சன்னல் படாரென்று திறந்துகொள்ள, சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

தொட்டிக்காரர் ஒரே எட்டில் சன்னலுக்குப் போய், அதற்கு முதுகைக் கொடுத்து நின்றார். சட்டைப் பொத்தான்களை அவசரமாகக் கழற்றி, இரண்டு ஓரங்களையும் இரண்டு கைகளால் இழுத்து விரித்துப் பிடித்தார். உள்ளே செருகியிருந்த வெள்ளைக் காகிதங்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, மாமியாரின் காலடியில் போய் விழுந்தன. தொட்டிக்காரர் குனியவில்லை. பானையைப் பார்த்தபடி, கையை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.